சஷிக்கோ: நூலை இழுக்காமல் தைக்கப் பழகுவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

சஷிக்கோ என்ற ஜப்பானியக் கைத்தையலில் நான் முதன்முதலில் தைத்த துணி எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டுகொண்டது. தையல்கள் ஒரே அளவாக இருந்தன, கோடும் தவறவில்லை. ஆனாலும் மேசையில் விரித்தால் நடுவில் மேடு, ஓரமெல்லாம் அலை. இன்னும் இரண்டு துணிகளை வீணாக்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர்கள் முதல் வீட்டுப் பெரியவர்கள் வரை எல்லோரும் "நல்லா இழுத்து முடி" என்றுதான் பழக்கியிருந்தார்கள். சஷிக்கோவில் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். டிசைன்களைக் கற்பது ஒரு வாரத்து வேலை. இழுக்காமல் தைக்கக் கை பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் இந்த வழிகாட்டியில் டிசைனைவிடக் கைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இது எதற்காக வந்த தையல்?

சஷிக்கோ என்ற சொல்லுக்குச் சிறு குத்தல்கள் என்று பொருள். அடிப்படையில் இது வெறும் ஓட்டுத் தையல்தான், ரன்னிங் ஸ்டிச் என்று தையல் வகுப்பில் முதல் நாளே சொல்லித்தருவார்களே, அதேதான். கருநீலத் துணியில் வெள்ளை நூல் என்பது இதன் வழக்கமான தோற்றம்.

ஜப்பானின் வடக்குப் பகுதி பனிக்காடு. அங்கே பருத்தி விளையாது. எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, அங்கிருந்த விவசாயிகளின் உடை சணல்வகைச் செடியின் நாரில் நெய்தது. அந்தத் துணியின் இழைகளுக்கு நடுவே குளிர்காற்று தாராளமாகப் புகும். இன்றைய அவோமோரி மாகாணத்தில் இருந்த ட்சுகரு ஆட்சிப்பகுதியில் 1724-இல் வந்த சிக்கன ஆணை, விவசாயிகள் பருத்தி உடுத்துவதையே தடுத்தது. உடுத்தத்தான் தடை என்று பெண்கள் பருத்தி நூலை வாங்கி, நார்த்துணியின் ஓட்டைகளை அந்த நூலாலேயே தைத்து அடைத்தார்கள். துணிக்குக் கனமும் கதகதப்பும் வந்தன. பக்கத்தில் பார்த்தால் அழகான வைர வடிவங்களும் வந்தன.

ஓசகா பக்கத்திலிருந்து பழைய பருத்தித் துணிகள் 'கித்தமாயெபுனே' எனப்பட்ட சரக்குக் கப்பல்களில் மேற்குக் கடலோரமாக வடக்கே போயின. அந்தக் கந்தல்களையும் அடுக்கி, ஒட்டுப்போட்டு, தைத்துத் தைத்து, தலைமுறை தலைமுறையாக உடுத்தினார்கள். அப்படி ஒட்டின் மேல் ஒட்டாக இருக்கும் துணிக்கு 'போரோ' என்று பெயர், கந்தல் என்றே அர்த்தம். தனக்கா ச்சூசபுரோ என்பவர் அவோமோரியின் வீடுவீடாக அலைந்து இவற்றைச் சேகரித்தார். அவருடைய சேகரிப்பு 2009 முதல் பத்தாண்டுகள் டோக்கியோவின் அசகுசாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. பெற்றவர்கள் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த துணியைப் பிள்ளைகள் காலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு அந்தக் கால ஜப்பானில் 'சந்தொமே' என்று பெயர். வேறெதுவும் இல்லை, மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியர் கப்பலில் போன துணி, ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

எடோ நகரத்துத் தீயணைப்பு வீரர்களின் மேலங்கியும் சஷிக்கோதான். பல அடுக்குப் பருத்தியை நெருக்கமாகத் தைத்து, தண்ணீரில் ஊறவைத்து, சொட்டச் சொட்டப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் போவார்கள். வெளிப்பக்கம் சாதாரணமாக இருக்கும், உள்பக்கத்தில் டிராகனோ வீரனோ வரைந்திருக்கும். தீ அணைந்ததும் அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். யமகதா மாகாணத்தின் ஷோனாய் பகுதியில், பனிச்சறுக்கு வண்டி இழுப்பவர்கள் கையில்லாத சஷிக்கோ மேல்சட்டை போட்டார்கள். கயிறு தோளில் அழுந்தும் இடத்தைத் தையல் தாங்கியது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இது வேலை செய்யும் உடம்போடு வளைந்து நிமிர்ந்த துணி. அதில் நூல் இறுகியிருந்தால் குனிந்த முதல் நாளே அறுந்திருக்கும். தளர்வு என்பது இந்தத் தையலின் பிறவிக்குணம்.

என்னென்ன வாங்க வேண்டும்

நூலில் கஞ்சத்தனம் வேண்டாம். சஷிக்கோ நூல் பல மெல்லிய இழைகளை லேசாக முறுக்கிய பருத்தி நூல், பளபளப்பு இருக்காது. ஒலிம்பஸ், தாருமா போன்ற ஜப்பானியப் பெயர்களில் இணையத்தில் கிடைக்கிறது. பெரும்பாலும் 20 மீட்டர் சிட்டம், பெரிய வேலைக்கு 100 மீட்டர். விலை உறுத்தினால் எட்டாம் எண் பெர்ல் காட்டன் நூல் வாங்கலாம். கொஞ்சம் மினுக்கும், ஆனால் தையல் உருண்டையாக விழும். சாதாரண ஆறிழை எம்பிராய்டரி நூலும் ஆகும், இழைகளைப் பிரிக்காமல் ஆறையும் சேர்த்தே கோக்க வேண்டும். அந்த நூல் துணிமேல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், சஷிக்கோவின் அரிசிமணித் தோற்றம் முழுதாக வராது. பழகுவதற்குப் போதும்.

ஊசி ஏறக்குறைய 5 செ.மீ நீளம், வளையாத உறுதி, கூரிய முனை, பெரிய காது. ஒரே சமயத்தில் ஐந்தாறு தையல்களை ஊசியில் ஏற்றுவதால் நீளம் அவசியம். கோணி ஊசி வேண்டாம், துணியில் ஓட்டை போட்டுவிடும்.

துணி சாதா நெசவு, நூறு சதவீதப் பருத்தி, நெருக்கம் குறைந்தது. ஜப்பானில் 'சராஷி' என்ற வெளுத்த பருத்தியை எடுப்பார்கள், அகலம் சுமார் 34 செ.மீ. நம் ஊரில் நெருக்கம் குறைந்த கைத்தறிப் பருத்தியோ, நன்றாகத் துவைத்துக் கஞ்சி போன காடாத் துணியோ சரியாக வரும். கடையிலேயே ஓர் ஊசியைக் குத்திப் பாருங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் அந்தத் துணி வேண்டாம். படுக்கை விரிப்புத் துணிகள் பார்க்க மெத்தென்று இருந்தாலும் நெசவு மிக நெருக்கம், இரண்டு வரிசை தைப்பதற்குள் விரல் நுனி எரியும்.

வாங்கிய துணியைத் துவைக்காமல் தொடாதீர்கள். ஒரு கடையில் சாயம் போகாது என்று சத்தியம் செய்து கொடுத்த நீலத்துணி, என் வெள்ளை நூல் முழுவதையும் வானநீலமாக்கியது. அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை துவையுங்கள். சிவப்பு நூல் எடுத்தால் அதையும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

கோடு போட, வெளிர்த் துணிக்குத் தண்ணீரில் கரையும் நீலப் பேனா. கருநீலத் துணிக்கு வெள்ளைச் சாக்குப் பென்சிலோ வெள்ளைக் கார்பன் தாளோ போதும். குளியலறையில் தேய்ந்துபோன சோப்புத் துண்டு இரண்டையும்விட நன்றாகக் கோடு போடும், துவைத்தால் தானே போய்விடும். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாக்களை நான் தவிர்க்கிறேன், குளிரில் வைத்தால் கோடு திரும்ப எட்டிப்பார்க்கும்.

நூலைத் தயார் செய்தல்

சிட்டத்தின் காகிதத்தை உருவிவிட்டு முறுக்கைப் பிரித்தால் பெரிய வளையம் கிடைக்கும். கட்டியிருக்கும் முடிச்சுக்குப் பக்கத்தில் எல்லா இழையையும் சேர்த்து ஒரே வெட்டு. இப்போது எல்லாம் ஒரே நீளத் துண்டுகள். அவற்றைத் தலைப்பின்னல் மாதிரி தளர்வாகப் பின்னி ஆணியில் மாட்டிவிட்டால், மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம், சிக்காது.

ஒரு தடவைக்கு இரண்டு முழ நூல் போதும். அதற்கு மேல் போனால் துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பஞ்சாகும். ஒற்றை நூலாகவே கோத்துக்கொள்ளுங்கள்.

கை பழக்கம்: ஊசி நிற்கட்டும், துணி ஓடட்டும்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். ஜப்பானியத் தையலில் இதற்கு 'உன்ஷின்' என்று பெயர், ஊசியை நடத்துதல் என்று பொருள். ஆனால் நடப்பதென்னவோ துணிதான்.

வலது கையின் நடுவிரல் அடியில், உள்ளங்கைப் பக்கம் ஒரு சிறு தட்டு வருகிறமாதிரி விரலுறை மாட்டிக்கொள்வார்கள். ஊசியின் காது அந்தத் தட்டில் முட்டி நிற்கும். அது கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் தடித்த தோல் துண்டை எலாஸ்டிக்கில் கட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியின் முனையருகே துணியோடு சேர்த்துப் பிடிக்கும். இடது கை 10, 15 செ.மீ தள்ளி அதே கோட்டில் துணியைப் பிடித்து நீட்டிக்கொள்ளும்.

இப்போது இரண்டு கைகளும் மாறிமாறி அசைய வேண்டும். இடது கை துணியைச் சற்று முன்னால் தள்ளும்போது ஊசி முனை ஒரு பக்கம் எட்டிப்பார்க்கும். பின்னால் தள்ளும்போது மறுபக்கம். உள்ளங்கைத் தட்டு ஊசியை மெதுவாக முன்னே உந்திக்கொண்டே இருக்கும். துணி மடிப்பு மடிப்பாக ஊசிமேல் ஏறும், பாவாடைக்குக் கொசுவம் பிடிக்கிறமாதிரி. ஐந்தாறு தையல் ஏறியதும் ஊசியை உருவி நூலை வெளியே எடுங்கள்.

அப்போது துணி சுருங்கியிருக்கும். பயப்பட வேண்டாம். தொடங்கிய முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, தைத்த திசையிலேயே வழித்து நீவிவிடுங்கள். சுருக்கம் முழுதும் நூலின் முனை நோக்கி ஓடி, துணி தட்டையாகும். இந்த நீவலுக்கு 'இதோ-கோகி' என்று பெயர். ஒவ்வொரு முறை ஊசியை உருவியதும் இதைச் செய்ய வேண்டும். அலுப்பாக இருக்கிறது என்று வரிசை முடிவில் ஒரே தடவையாகச் செய்தால் அப்பளம்தான்.

முதல் நாள் ஊசியில் நூலே கோக்காதீர்கள். பழைய கைக்குட்டையில் பத்து நிமிடம் வெறும் ஊசியால் கொசுவம் பிடித்து உருவி, பிடித்து உருவிப் பாருங்கள். குண்டூசியைப் பிடிப்பதுபோல் ஊசியை எடுத்துக் குத்தி, மேலே இழுத்து, மறுபடி குத்தி என்று தைக்கிற கை, பத்து நிமிடத்தில் அசட்டுத்தனமாக உணரும். மூன்றாம் நாள் தானாகவே தாளம் பிடிக்கும்.

பழகுதுணி

கைக்குட்டை அகலத்தில் இரண்டு மடிப்புத் துணி. 1 செ.மீ இடைவெளியில் பத்து நேர்க்கோடுகள். முன்பக்கத் தையல் 3 மி.மீ, பின்பக்கம் போகும் இடைவெளி 2 மி.மீ. மூன்றுக்கு இரண்டு என்ற இந்தக் கணக்குதான் தையலை அரிசிமணியாகக் காட்டும். ஆனால் அளவுகோலை வைத்துக்கொண்டு தைக்காதீர்கள். உங்கள் கைக்கு 4 மி.மீ வந்தால் அது உங்கள் அளவு, கடைசிவரை அதே அளவாக இருந்தால் போதும்.

முடிச்சுப் போட வேண்டாம். தொடங்கவேண்டிய இடத்திலிருந்து மூன்று தையல் தள்ளி ஆரம்பித்து, பின்னோக்கி மூன்று தையல் தைத்துத் தொடக்கப்புள்ளிக்கு வாருங்கள். பிறகு திரும்பி அதே மூன்றின் மேலேயே தைத்துக்கொண்டு முன்னேறுங்கள். முடிக்கும்போதும் அதேமாதிரி மூன்று தையல் திரும்பிவந்து வெட்டிவிடலாம். பின்பக்கம் யாருக்கும் தெரியாத தலையணை உறைக்கு முடிச்சுப் போட்டால் குற்றமில்லை.

மூலை திரும்பும்போது தையல் சரியாக மூலையில் முடிய வேண்டும், இடைவெளி மூலையில் விழக்கூடாது. கோட்டின் கடைசியில் அரைத்தையல் மிஞ்சும் என்று தெரிந்தால், அதற்கு முந்தைய ஐந்தாறு தையலில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். திரும்புகிற இடத்தில் பின்பக்கம் நூலைச் சின்னக் காதுபோல் தளரவிட வேண்டும். துவைத்துச் சுருங்கும்போது அந்தக் காது கைகொடுக்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முன்பக்கம் நூல்மேல் நூல் ஏறக்கூடாது, நடுவில் சிறு வெற்றிடம் விடுங்கள். ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பின்னால் ஒன்றரை செ.மீ.க்கு மேல் நூல் தொங்கினால் விரல் மாட்டும், அதற்கு வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

முதல் உருப்படி: கைத்துணி

ஜப்பானில் பெரும்பாலும் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். 'ஹானா-ஃபுகின்' என்ற சமையலறைத் துணி. 36-க்கு 72 செ.மீ துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, திறந்த மூன்று பக்கமும் 1 செ.மீ விட்டுத் தையுங்கள், 8 செ.மீ வாய் மட்டும் விட்டுவிடுங்கள். அதன் வழியே திருப்பி, மூலைகளைக் குச்சியால் தள்ளி, வாயை மூடி, இஸ்திரி போடுங்கள். கோடு போடுவதற்கு முன்புதான் இஸ்திரி, பின்பு கிடையாது. சூடு பட்டால் நீலப் பேனாக் கோடு துணியிலேயே தங்கிவிடக்கூடும்.

சஷிக்கோவில் இரண்டு பெரிய குடும்பங்கள். கோட்டின் மேலேயே ஓடி உருவம் வரைவது மோயோஸாஷி. கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு தையல் என்று நிரப்புவது ஹிதோமேஸாஷி. எனக்குக் கேட்டால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். தையலின் நீளத்தைக் கட்டமே தீர்மானித்துவிடும், நீங்கள் இழுக்காமல் இருப்பதில் மட்டும் கவனம் வைக்கலாம்.

துணியின் நடுவில் 30 செ.மீ சதுரம் வரைந்து, 1 செ.மீ கட்டங்களாகப் பிரியுங்கள். முதலில் எல்லாக் கிடைக்கோடுகளும். கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளியின் மேலும் 5 மி.மீ தையல், புள்ளிக்கு இந்தப்பக்கம் பாதி, அந்தப்பக்கம் பாதி. அடுத்த புள்ளி வரும்வரை நூல் அடியில் போகும். வரிசை முடிந்ததும் ஊசியை இரண்டு மடிப்புக்கும் நடுவே ஓட்டி அடுத்த வரிசைக்குக் கொண்டுபோங்கள், அங்கேயும் கொஞ்சம் தளர்வு. எல்லாம் முடிந்தபின் செங்குத்துக் கோடுகள். இப்போது புள்ளிதோறும் ஒரு கூட்டல் குறி பூக்கும். 'ஜூஜி-ஸாஷி' இதுதான். (நடுவில் நூல்மேல் நூல் ஏறக்கூடாது என்று சற்றுமுன் சொன்னேனே என்றால், அது மோயோஸாஷிக்கான விதி. இங்கே ஏறினால்தான் குறி.)

துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் கூட்டல் குறியே இருக்காது. மூலை திறந்த சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒரே நூல், ஒரே ஓட்டம், இரண்டு பக்கத்தில் இரண்டு டிசைன். முதல்தடவை பார்த்தபோது யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நூல் கணக்கு: கிடையாக 31, செங்குத்தாக 31 கோடுகள், கோட்டுக்கு 30 செ.மீ. கிட்டத்தட்ட 19 மீட்டர் ஆகிவிடும். தொடக்கம், முடிவு, தாவல் எல்லாம் சேர்த்தால் ஒரு 20 மீட்டர் சிட்டம் காலை வாரும். இரண்டாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டல் குறிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களில் மூலைவிட்டமாக இரண்டு திசையிலும் தையல் ஓட்டினால் 'கொமெ-ஸாஷி'. கொமெ என்றால் அரிசி. அரிசிக்கான ஜப்பானிய எழுத்தே ஒரு கூட்டல் குறியும் நான்கு மூலைகளில் நான்கு சாய்கோடுகளும்தான்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. கட்டத்தை 5 மி.மீ ஆக்குங்கள். இப்போது தையல் புள்ளியிலிருந்து புள்ளிவரை, ஒரு கட்டம் துணிக்கு மேலே, ஒரு கட்டம் துணிக்குக் கீழே. எல்லா வரிசையையும் 'மேலே' என்று தொடங்கி, செங்குத்திலும் அப்படியே செய்தால் தனித்தனிச் சதுரங்கள் வரும். ஒரு வரிசை 'மேலே', அடுத்தது 'கீழே' என்று மாற்றித் தொடங்கி, செங்குத்திலும் அப்படி மாற்றினால் சதுரங்கள் அவிழ்ந்து மூலைக்கு மூலை ஓடும் படிக்கட்டாகும். பின்பக்கமும் படிக்கட்டே. கோலப்புள்ளி போல, விதி ஒன்றுதான், தொடக்கத்தை மாற்றினால் உருவம் மாறுகிறது. கட்டத்தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்தபின் துணிக்குப் போங்கள்.

மோயோஸாஷி: வட்டமும் இலையும்

கை பழகியதும் 'ஷிப்போ' எடுங்கள். பௌத்தம் சொல்லும் ஏழு செல்வங்கள் என்று பெயர்ப்பொருள், பார்ப்பதற்கு ஒன்றையொன்று தழுவும் வட்டங்கள். 3 செ.மீ கட்டம் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கட்டப்புள்ளிகளை மையமாக வைத்து 6 செ.மீ விட்டமுள்ள வட்டங்கள் வரையுங்கள். அடுத்த வரிசையில் மையம் ஒரு கட்டம் தள்ளிவரும். கவராயம் இல்லாவிட்டால் அளந்துபார்த்து ஒரு டப்பா மூடி.

எல்லோரும் செய்யும் தவறு, வட்டம் வட்டமாகத் தைப்பது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் நூல் வெட்ட வேண்டும். அலை அலையாகத் தையுங்கள். ஒரு வட்டத்தின் மேல்பாதி, பக்கத்து வட்டத்தின் கீழ்பாதி, அதற்கடுத்ததின் மேல்பாதி என்று துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஓட்டம். அடுத்த ஓட்டம் விட்டுப்போன பாதிகளை நிரப்பும். வளைவில் தையலைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள், நூலை இன்னும் தளர்வாக விடுங்கள்.

அதன்பின் 'அஸனோஹா', வடக்கு விவசாயிகள் உடைக்கு நார் எடுத்த அந்தச் சணல்வகைச் செடியின் இலை. செடி வேகமாக, நேராக வளர்வதால் பிள்ளையும் அப்படி வளரட்டும் என்று குழந்தைகளின் உடையில் இதைப் போடுவார்கள். வரைவது பயமுறுத்தும், ஆனால் முக்கோணங்கள் மட்டும்தான். 3.5 செ.மீ இடைவெளியில் கிடைக்கோடுகள். முதல் கோட்டில் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி, அடுத்த கோட்டில் புள்ளிகள் 2 செ.மீ நகர்ந்து வரும். புள்ளிகளைச் சாய்வாக இணைத்தால் சமபக்க முக்கோண வலை. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் நடுப்புள்ளி, அடிக்கோட்டின் மத்தியிலிருந்து ஏறக்குறைய 1.15 செ.மீ உயரம். அந்த நடுப்புள்ளியை மூன்று முனைகளோடும் இணையுங்கள். இலை கிடைத்துவிட்டது.

தைக்கும்போது நீளமான நேர்க்கோடுகள் முதலில், வளைந்து நெளியும் கோடுகள் பிறகு. ஒவ்வொரு முனையிலும் பன்னிரண்டு கோடுகள் சேர்கின்றன. பன்னிரண்டையும் மையம்வரை கொண்டுபோனால் கொசுக்கூட்டம் மாதிரிக் கட்டியாகும். எல்லாவற்றையும் மையத்துக்கு 2 மி.மீ முன்னாலேயே நிறுத்துங்கள். நடுவில் விழும் அந்தச் சிறு வட்ட வெற்றிடம்தான் நல்ல கையின் அடையாளம். நடுப்புள்ளியில், மூன்று கோடு மட்டும் சேரும் இடத்தில், தையல் புள்ளியைத் தொடலாம்.

அடுக்கித் தைப்பது, கிழிந்ததைத் தைப்பது

சஷிக்கோ அடுக்குத்துணியில் பழைய வழக்கப்படி பஞ்சு கிடையாது. துணிமேல் துணி, அவ்வளவுதான். மெத்தைப் பஞ்சு வைத்தால் ஊசியில் கொசுவம் ஏறாது, தையலைத் தனித்தனியாகக் குத்தியெடுக்க வேண்டியிருக்கும். கனம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஃபிளானல் துணி வையுங்கள். அடுக்குகளை விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூலோட்டிக்கொள்ளுங்கள். பிறகு உண்மையான தையலும் நடுவிலிருந்தே தொடங்கட்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும், வெளியேற வழியிருக்காது.

ஜீன்ஸ் முழங்கால் கிழிசலுக்கு இது போல மருந்தில்லை. உள்பக்கம் பருத்தித் துண்டு வையுங்கள், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ பெரிதாக. 5 மி.மீ இடைவெளியில் இணைகோடுகளாக, கிழிசலைத் தாண்டி நல்ல துணிக்குள் 2 செ.மீ போய்த் திரும்புங்கள். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் திரும்பினால் அடுத்த கிழிசல் அங்கேதான், ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று முனைகளை மாற்றுங்கள். திரும்பும் காதுகளை இங்கே இன்னும் தாராளமாக விடுங்கள், முழங்கால் மடங்க வேண்டும். காலுக்குள் கை நுழைத்துத் தைப்பது எரிச்சலான வேலை. ஓரத்தையலைப் பிரித்துவிட்டுத் தைத்து மறுபடி மூடுவது நேரமெடுத்தாலும் நிம்மதி.

கழுவி முடித்தல்

பச்சைத்தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, கோடெல்லாம் போனதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். போகவில்லை என்றால் இன்னொரு அலசல். நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு, துவாலைமேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி. முன்பக்கம் போட்டால் அரிசிமணி அவலாகிவிடும்.

அடுத்து எங்கே

இதில் கை ஓடத் தொடங்கியவர்களுக்கு அவோமோரி காத்திருக்கிறது. மேலே சொன்ன ட்சுகருவின் 'கோகின்', அதன் கிழக்குப் பக்கத்து நம்புவின் 'ஹிஷிஸாஷி' இரண்டிலும் கோடே போடுவதில்லை. துணியின் இழைகளை எண்ணித் தைக்க வேண்டும். கோகின் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை எண்ணும், அதனால் வைரம் நெடுக்காக நீளும். ஹிஷிஸாஷி இரட்டைப்படை எண்ணும், வைரம் குறுக்காகப் படுக்கும். கோகினின் அடிப்படை உருவங்களுக்கு வட்டாரப் பேச்சில் செல்லப்பெயர்கள் உண்டு: மமேகோ என்றால் குட்டிப் பயறு, ஹனாகோ என்றால் குட்டிப் பூ, நெகோ நோ மனாகு என்றால் பூனைக்கண். மமேகோவை மட்டும் கைத்துணி முழுக்கப் போட்டுப் பழகுங்கள், இழை எண்ணும் கண் வந்துவிடும். எண்ணிக்கை ஒன்று தவறினால் அந்த வரிசையைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று வரிசை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டீர்களானால் மூன்றையும் பிரிப்பீர்கள்.

என்னுடைய அந்த முதல் துணி இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது, சூடான பாத்திரம் இறக்க. எத்தனையோ தடவை துவைத்தாகிவிட்டது. நடுவிலிருக்கும் மேடு இன்னும் போகவில்லை.